இருபத்தாறு இல்லாத ஊர்

சேபதி பெஹராவிடம் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். அவள் கணக்குப்படி முப்பத்துமூன்று. அவள் மாமியார் கணக்குப்படி நாற்பத்தொன்று. மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் அவர்கள் ஊரான கேந்துகடாவில் மாமியார் கணக்குதான் செல்லும். நடுவில் இருக்கிற எட்டு வருஷத்தை எங்கே வைத்து வாழ்ந்தாள் என்று சேபதிக்கே தெரியாது. "அந்த எட்டு வருஷமாவது வேலை செய்யாம உக்காந்திருந்தேனோ என்னவோ," என்பாள்.

கேந்துகடாவில் வருஷம் என்றால் ராஜாவின் வருஷம். ராஜா பட்டத்துக்கு வந்ததும் முதல் வருஷத்துக்கே இரண்டு என்று பெயர். ஒன்றில் ஆரம்பித்தால் ஆகாதாம். ஐந்துக்குப் பிறகு ஏழு. ஆறு ஆகாது. ஆறில் முடிகிற எதுவும் ஆகாது. பூஜ்யத்தில் முடிகிறதும் ஆகாது. பத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. ஏன் என்று கேட்டால் அரண்மனை ஓலை எழுதுகிற வனமாளி மகாந்தி மூன்று காரணம் சொல்வார். மூன்றும் ஒன்றோடொன்று சேராது.

ராஜாவுக்கு இப்படி எண்ணிவிட்டுப் போகட்டும். சேபதியின் மாமியார் கன்றுக்குட்டிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும்கூட இப்படித்தான் எண்ணுவாள். சேபதி கல்யாணமாகி வந்த வருஷம் வீட்டில் ஒரு கிடாரி பிறந்தது. அது வளர்ந்து பசுவானதும் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். தரகன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பல்லு முழுசா வந்திருக்கு. அஞ்சு வயசு," என்றான்.

"ஏழு," என்றாள் மாமியார்.

"அம்மா, பல்லு அஞ்சுன்னு சொல்லுது."

"பல்லு என்ன சொன்னா என்ன, பொறந்தப்ப பக்கத்துல நின்னவ நான். ஏழு."

தரகன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "இத்தனை வருஷத்துல மாட்டோட வயசைக் கூட்டிச் சொல்லி வித்தவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்று ஏழு வயசு மாட்டின் விலையைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வருகிற வழியில் இருபத்திரண்டு வயசு சேபதி அந்தக் கணக்கு முழுவதையும் விரல்விட்டுப் பாடம் பண்ணிக்கொண்டாள். ராஜபக்தியால் அல்ல. இன்னொரு மாடு இப்படிப் போகக்கூடாது என்பதற்காக.

இந்தக் கணக்கெல்லாம் இருக்கிற இடம் அரண்மனையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே சிவப்புத் துணியில் சுற்றின பனையோலைக் கட்டு. அறுபத்துநான்கு ராஜாக்களின் வரலாறு. அறுபத்துநான்கு பேரும் ஒரு போரில்கூடத் தோற்றதில்லை. முதல் ராஜாவுக்குக் கடல் வரைக்கும் நிலம் இருந்தது, கடைசி ராஜாவுக்கு ஒன்பது கிராமம். ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது மீதி நிலம் எங்கே போயிற்று என்று ஓலையில் இல்லை. ஒரு ராஜா நூற்றுப்பன்னிரண்டாம் வருஷம் வரைக்கும் ஆண்டார். அவர் மகன் பட்டமேறும்போது வயது பதினான்கு. இன்னொருவர் குளித்து முடிக்கிற வரைக்கும் சூரியனைக் காத்திருக்கச் சொன்னார், சூரியனும் காத்திருந்தது.

இந்தக் கூட்டத்தில் வீரத்வஜ தேவ் என்று ஒருவர். அவரால்தான் சேபதிக்கு வீடு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர் போருக்குப் போனார். எதிரிப் படையின் கண்ணில் வெயில் அடிக்கிறதே என்று இரக்கப்பட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு மூன்று நாள் நிற்காமல் வந்தார் என்கிறது ஓலை. நீங்களும் நானும் இதைச் செய்தால் அதற்கு வேறு பெயர். வந்தவர் கோயில் குளத்தங்கரையில் பசித்து விழுந்தார். பெஹரா குலத்துப் பெண் ஒருத்தி நேற்றுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த பகாளாவை ஒரு கிண்ணம் கொடுத்தாள். கூடத் தயிர், உப்பு, ஒரு பச்சை மிளகாய். ராஜா சாப்பிட்டார், திரும்பிப் போனார், ஜெயித்தார். இது நடந்தது அவருடைய இருபத்தேழாம் ஆண்டில். 'இந்தக் கிண்ணம் உள்ளவரை இந்த மனை இவர்களுக்கு' என்று குளத்தங்கரையை எழுதிக் கொடுத்தார்.

அன்று முதல் வருஷம் பிறக்கிற சுனியா நாளில் கேந்துகடா ராஜா பெஹரா வீட்டுப் பகாளாவை ஒரு கிண்ணம் சாப்பிட்டாகவேண்டும். சேபதி முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கிண்ணத்தை நிரப்புகிறாள். கதையைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் சுருக்கமானது: "மூணு நாள் ஓடினவனுக்குப் பசிக்காம என்ன செய்யும்."

இப்போதைய ராஜா புவனேசுவரத்தில் இருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுனியாவுக்கு வாடகைக் காரில் வந்து, அரண்மனைக் குடையின் கீழ் நாலு மணிநேரம் ராஜாவாக இருந்துவிட்டுப் போவார். வயிற்றில் புண். மிளகாய் ஆகாது. வருஷாவருஷம் மிளகாயை மெதுவாக இலைத் தட்டின் அடியில் தள்ளிவிடுவார். எச்சில் எடுக்கும்போது சேபதி அதைப் பார்ப்பாள், யாரிடமும் சொல்லமாட்டாள். ராஜாவாக இருந்தாலும் புண் புண்தானே.

எல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது புறவழிச் சாலை வந்தது. மாடு குளிக்கிற குளத்தங்கரை ஒரே வருஷத்தில் சாலையோர மனை ஆகிவிட்டது. ஊரில் அரிசி மில்லும் இரண்டு டிராக்டரும் வைத்திருக்கிற துர்ஜோதன் பிரதானுக்கு அங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டவேண்டும் என்று தோன்றியது. அது தோன்றிய நாலாவது மாதம் அவருக்கு வரலாற்றில் பக்தி வந்தது.

ஒருநாள் காலை சேபதி சாணி தட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு சேதி. ஓலைப்பெட்டிக்கு அடியில இன்னொரு ஓலை கிடைச்சிருக்கு."

"பெட்டியை நகத்திக் கூட்டினீங்களா அண்ணா? நல்ல காரியம். அங்க எலிப் புழுக்கையும் கிடந்திருக்குமே."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் சொல்றது உங்க வீட்டு விஷயம். வீரத்வஜ மகராஜாவுக்கு முதமுதல்ல பகாளா குடுத்தது எங்க குலத்துப் பொண்ணாம். உங்க வீட்டுல சாப்பிட்டது ரெண்டாந்தரம்."

"அப்ப மகராஜா ரெண்டு தரம் ஓடி வந்தாரா?"

பிரதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சபை கூடி முடிவாகட்டும். ஓலை சொன்னபடிதான் நடக்கும். நான் உங்களைத் தெருவுல விடமாட்டேன் அண்ணி. மண்டபம் வந்தா சமையல் கட்டுல வேலை தர்றேன்."

அவர் போன பிறகு சேபதியின் புருஷன் நடவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பெரியவங்க பாத்துக்குவாங்க," என்றார்.

"பெரியவங்கதான் பாத்துக்கிட்டே இருக்காங்க, நம்ம மனையை," என்றாள் சேபதி. அடுத்த வறட்டியை அவள் சுவரில் அடித்த அடியில் நடவர் உள்ளே போய்விட்டார்.

சுனியாவுக்கு எட்டு நாள் முன்னால் அரண்மனைக் கூடத்தில் சபை கூடியது. சிம்மாசனம் கரையான் அரித்துப் போனதால், சபைக்கென்றே வந்திருந்த ராஜா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதன்மேல் புலிப் படம் போட்ட போர்வை விரித்திருந்தார்கள். புழுக்கம். வந்தவர்கள் எல்லாரும் சுனியா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள், ராஜாவும்தான்.

மகாந்திக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் ஓலையைப் படிக்கப் பிரதானின் மருமகன் சுபேந்து எழுந்தான். தொலைவில் பிலாய் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், பட்டதாரி. ஓலை அவன் கையில் நல்ல பழுப்பாக இருந்தது. மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்த சேபதிக்கு அடுப்புப் புகை வாசனை வந்தது. எழுநூறு வருஷத்துப் புகை அல்ல, போன வாரத்துப் புகை.

"வீரத்வஜ தேவரின் இருபத்தாறாம் ஆண்டு, பாத்ர மாதம்," என்று சுபேந்து ராகம் போட்டுப் படித்தான். "மன்னர் பசித்து வந்தார். பிரதான் குலத்து உத்தமி ஒருத்தி பகாளா அளித்தாள்." நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தான். "பெஹரா வீட்டு ஓலை இருபத்தேழாம் ஆண்டுன்னு சொல்லுது. இது அதுக்கு முந்தின வருஷம். அப்ப முதல் உரிமை யாருதுன்னு நான் சொல்லவேண்டியதில்ல."

மகாந்தியின் நல்ல கண் ஒருதரம் மூடித் திறந்தது. ஆனால் அவர் வீட்டு நெல் பிரதான் மில்லில்தான் அரைபடுகிறது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

சேபதி எழுந்தாள்.

"மாப்பிள்ளைத் தம்பி, எத்தனாவது வருஷம்னு சொன்னீங்க?"

"இருபத்தாறு."

"வயசாச்சு பாருங்க, காது சரியா கேக்கல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு, பக்கத்துல ஆறு. தெளிவா கீறியிருக்கு, அத்தை."

"கீறினவரு யாரோ, நல்லாத்தான் கீறியிருக்காரு." ராஜா பக்கம் திரும்பினாள். ராஜாவை அங்கே மணிமா என்றுதான் கூப்பிடவேண்டும். "மணிமா, நீங்க விசிறிக்கிட்டிருக்கற அழைப்பிதழ்ல என்ன போட்டிருக்கு?"

ராஜா விசிறுவதை நிறுத்திக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முப்பத்தொன்றாம் ஆண்டு சுனியா விழா."

"போன வருஷ அழைப்பிதழ்ல?"

"இருபத்தொன்பது."

"நடுவுல முப்பதை யாரு தின்னது?"

கூடத்தில் விசிறல் நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முப்பது கிடையாது. இருபதும் கிடையாது. ஆறு கிடையாது, பதினாறு கிடையாது. எங்க வீட்டு மாட்டுக்கே ஆறு வயசு கிடையாதுன்னு என் மாமியா சந்தையில நின்னு நஷ்டப்பட்டா. வீரத்வஜ மகராஜாவுக்கு மட்டும் இருபத்தாறு எங்கருந்து வந்துச்சு? இருபத்தேழுக்கு முந்தின வருஷம் இருபத்தஞ்சு. இது இந்த ஊர்ல பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். பிலாயில தெரியாது."

துர்ஜோதன் பிரதான் மருமகனைப் பார்த்தார். கல்யாண மண்டபம் அந்தப் பார்வையிலேயே இடிந்து விழுந்தது. பாவம், பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. இருபத்தேழில் ஒன்று போனால் இருபத்தாறு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். கணக்குச் சரியாக வந்ததால் மாட்டிக்கொண்டான்.

ஆனால் பட்டதாரி சும்மா உட்காருவானா. "அப்படின்னா உங்க ஓலையை மட்டும் நம்பலாமா?" என்றான். "அதுல பச்சை மிளகாய்னு எழுதியிருக்கு. மிளகாய் கப்பல்ல வெள்ளைக்காரன் கொண்டாந்தது. வீரத்வஜர் செத்து எரநூறு வருஷம் கழிச்சுத்தான் இந்த நாட்டுக்கே வந்துச்சு."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் கூட்டம் அவன்மேல் பாய்ந்தது.

"மிளகாய் இல்லாம பகாளாவா? அப்ப எதைக் கடிச்சுக்கிட்டாங்க, விரலையா?"

"மாப்பிள்ளைக்கு பிலாயில ரொட்டிதான் போட்டிருப்பாங்க, விடுங்கப்பா."

"சூரியனே காத்திருந்திருக்கு. ஒரு மிளகாய் கொஞ்சம் முன்னாடி வந்தா என்ன?"

சேபதி கையைக் காட்டி அடக்கினாள். "தம்பி சொல்றது சரியாக்கூட இருக்கும். நான் கப்பலையும் பாக்கல, வெள்ளைக்காரனையும் பாக்கல. ஆனா மிளகாய் எப்ப வந்துச்சுன்னு இங்க யாரு கையிலயும் எழுத்து இல்ல. முப்பது வராதுன்னு எல்லார் கையிலயும் இருக்கு."

ராஜாவுக்கு மதியம் மாத்திரை போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றார். "பெஹரா வீட்டுக் கிண்ணம் பெஹரா வீட்டுக்கே. ஓலையில உள்ளபடி எல்லாம் நடக்கட்டும்," என்றார்.

பிரதான் விடவில்லை. "உத்தரவு மணிமா. ஆனா உள்ளபடின்னா உள்ளபடி இருக்கணும். தயிர், உப்பு, மிளகாய், ஒண்ணு விடாம மணிமா சாப்பிடணும். ஒண்ணு குறைஞ்சாலும் உரிமை போச்சுன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம், ஒண்ணு விடாம," என்றார் ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த 'ஒண்ணு விடாம' என்பதை அவர் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

சேபதி யோசித்தாள். சபை கலையும்போது அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. இலைத் தட்டின் அடியில் கிடக்கிற மிளகாய் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது இனிமேல் வெறும் மிளகாய் இல்லை, அவள் வீட்டு நிலைப்படி.

வாசலில் மகாந்தி அவளுக்காகக் காத்திருந்தார். "கோவிச்சுக்காதேம்மா, என்னால வாயைத் திறக்க முடியல," என்றார்.

"தெரியும். நெல்லு வாயில இருந்துச்சு."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்லணும். உங்க ஓலையையும் எழுதினது எங்க தாத்தாதான். ஒரு எருமைக்கு. ஆனா வருஷத்தை மட்டும் சரியாப் போட்டாரு," என்றார்.

"எனக்கு ஏன் சொல்றீங்க? எருமை எங்க வீட்டுதுதானே. மாமியா சாகற வரைக்கும் அந்த எருமையைச் சொல்லி அழுதா, நல்லாக் கறந்த எருமையாம்."

சுனியாவுக்கு முந்தின நாள் மகாந்தி மறுபடி வந்தார். புவனேசுவரத்திலிருந்து போன் வந்ததாம். "மிளகாயை மட்டும் சின்னதாப் பாத்து வெக்கச் சொன்னாரு மணிமா."

சேபதி மாவு சலித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "சின்னதா?"

"ஆமா. எவ்வளவு சின்னதா முடியுமோ அவ்வளவு சின்னதா."

அறுபத்துநான்கு தலைமுறையில் ஒரு ராஜாவாவது அடுப்படிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் இந்தச் சேதி வந்திருக்காது. சேபதி ஒரு கணம் எடுத்துச் சொல்லலாமா என்று நினைத்தாள். கொல்லையில் விரல் நீளத்தில் சாதுவான மிளகாய் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நீளமானதை ராஜா தொடவே மாட்டார், தள்ளிவிடத்தான் பார்ப்பார். சின்னது என்றால் நம்பி வாயில் போடுவார். பிரதானும் மருமகனும் கையில் போனோடு முன்வரிசையில் நிற்பார்கள்.

"சரி. சின்னதே வெக்கறேன்னு சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலை ராஜா குடையின் கீழ் உட்கார்ந்தார். சேபதி இந்தமுறை இலைத் தட்டு வைக்கவில்லை. கிண்ணத்தைத் துடைத்த பித்தளைத் தாம்பாளத்தின்மேல் வைத்தாள். அடியில் ஒரு கடுகைக்கூட ஒளிக்க முடியாது. வறுத்து நொறுக்கின வடகம், சுட்ட கத்தரிக்காய், தயிர், உப்பு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு ஊசி மிளகாய். ராஜா அதன் அளவைப் பார்த்துச் சேபதியை நன்றியோடு பார்த்தார்.

சுபேந்து போனைத் தூக்கிப் பிடித்தான். பிரதான் கழுத்தை நீட்டினார். நடவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

ராஜா இரண்டு கை பகாளா சாப்பிட்டார். மிளகாயை எடுத்தார், இதைப்போய் எதற்குப் பயந்தோம் என்கிற மாதிரி வாயில் போட்டு நன்றாகவே கடித்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ராஜா அசையாமல் உட்கார்ந்தார். காது சிவந்தது. கண் நிறைந்தது, வழிந்தது, கன்னத்தில் இறங்கியது. ஆனால் ராஜா அல்லவா, நாலு பேர் முன்னால் துப்ப முடியாது. விழுங்கினார். சேபதி கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி மெதுவாக, "தயிரைச் சேத்துக் குடிங்க மணிமா. அடங்கும்," என்றாள். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அடிவரைக்கும் குடித்தார். ஒரு பருக்கை மீதியில்லை. ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். பிரதான் மருமகனிடம், "போனை உள்ள வை," என்றார்.

மத்தியானம், ராஜாவின் கார் போன பிறகு, மகாந்தி வருஷத்து ஓலையைக் கீறி மை தடவித் துடைத்து எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தார். சேபதி கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே படித்தார்.

"மன்னர் தம் முன்னோரின் பசியை நினைந்து நெஞ்சுருகிக் கண்ணீர் உகுத்தார். பெஹரா இல்லத்துக் கிண்ணத்தை ஒரு பருக்கை விடாமல் உண்டார். கண்ட மக்கள் யாவரும் அழுதனர்."

"யாரு அழுதா? எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க."

"ஓலையில சிரிப்பு எழுதற வழக்கம் இல்லேம்மா."

சேபதி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மிளகாய் இருக்கா?"

"இருக்கு. 'ஒரு பச்சை மிளகாய்'னு எழுதியிருக்கேன். அளவு எழுதல."

"வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

"அது சரியா இருந்தாப் போதும்," என்று அவள் எழுந்தாள். தொழுவத்தில் மாடு கத்திக்கொண்டிருந்தது. "மத்ததை எப்படி வேணும்னாலும் எழுதிக்குங்க."